கடற்கதை வளர்த்த சாண்டில்யன்

தமிழர் கடலோடு உறவு பூண்டு வாழ்ந்தவர். நாவாய், வங்கம், கலம், அம்பி, தோணி எனக் கடலிற் செல்லும் ஊர்திகளுக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர்களே இவ்வுறவின் பழமையை உணர்த்தும். முதலாம் இராசேந்திரசோழன் 1025-ஆம் ஆண்டையொட்டிப் பெருங்கப்பற்படையைச் செலுத்திச் சீவிசயத்தையும் கடாரத்தையும் வென்றான் என்பதை அவனுடைய மெய்க்கீர்த்தி விரித்துரைக்கின்றது. ஆயினும் இச்செய்தி நெடுங்காலம் கல்லிலும் செம்பிலுமே உறங்கிக் கிடந்தது. சீவிசயம் என்பது சுமத்திராத் தீவில் தலைநகர் கொண்டிருந்த ஒரு பேரரசு என்பதை ஜார்ஜ் சேதே என்னும் பிரெஞ்சு அறிஞர் நிறுவியதே 1918-ஆம் ஆண்டில்தான். அதற்குப் பின்னும் அது வரலாற்றறிஞர் சிலர்க்கே உரிய செய்தியாக இருந்தது.

அவ்வாறிருந்த சீவிசயமும் கடாரமும் அரை நூற்றாண்டுக்குள் தமிழ்நாட்டுத் திண்ணைகளிலும் அடுக்களைகளிலும் பேசப்படும் பெயர்களாயின. அரசாங்க ஆணையாலோ பல்கலைக்கழகச் சொற்பொழிவுகளாலோ இம்மாற்றம் நிகழவில்லை. வார இதழ் ஒன்றில் வெளிவந்த தொடர்கதையே இதனைச் செய்தது. அக்கதை ‘கடல் புறா’. அதனை எழுதியவர் சாண்டில்யன்.

சாண்டில்யன் என்பது புனைபெயர். இவர்தம் இயற்பெயர் பாஷ்யம் ஐயங்கார். 1910-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் திருக்கோவலூரில் இராமானுசம் ஐயங்காருக்கும் பூங்கோவில்வல்லி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். மயிலாடுதுறையை அடுத்த திருஇந்தளூர் இவர் முன்னோரின் ஊராகும். சென்னைப் பச்சையப்பன் பள்ளியிலும் திருச்சிராப்பள்ளிப் புனித வளனார் கல்லூரியிலும் பயின்றார். கல்லூரிக்கு இராசகோபாலாச்சாரியார் வந்து உரையாற்றியபோது, அவ்வுரை இவர் உள்ளத்தில் நாட்டு விடுதலை வேட்கையை மூட்டிற்று.

படிப்பு முடிந்தபின் சென்னைத் தியாகராய நகரில் குடியேறினார். அங்கே வெ. சாமிநாத சர்மா, ‘கல்கி’ கிருஷ்ணமூர்த்தி ஆகியோருடைய நட்பு வாய்த்தது. இவர் எழுதிய ‘சாந்தசீலன்’ என்னும் சிறுகதையை ஆனந்த விகடனில் வெளியிட்டு இவருக்கு எழுத்துலக வாயிலைத் திறந்துவிட்டவர் கல்கியே ஆவார். மாணவர்கள் இங்கே கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஆங்கிலக் கல்வி பெற்று, அச்சில் தம் பெயரையும் கண்டுவிட்ட பின்னர், சாண்டில்யன் திருக்கண்ணபுரம் சீனிவாசாசாரியார் என்னும் தமிழ்ப் புலவரை அடைந்து முறையாகத் தமிழ் பயின்றார். எழுதத் தொடங்கிய பின்பும் மாணாக்கராய் ஆசிரியர் முன் அமர்வதற்கு ஒரு பணிவு வேண்டும். பரணியையும் பிற பழநூல்களையும் இவர் பிற்காலத்தில் அச்சமின்றிக் கையாண்டதற்கு அப்பயிற்சியே துணையாயிற்று எனலாம்.

1935-ஆம் ஆண்டு முதல் 1942-ஆம் ஆண்டு வரை சுதேசமித்திரன் நாளிதழில் செய்தியாளராகப் பணியாற்றினார். பின்னர் வேறோர் இதழிலும் பணிபுரிந்தார். திரைப்படத் துறையிலும் ஈடுபட்டு, ‘சுவர்க்க சீமா’, ‘என் வீடு’ ஆகிய படங்களுக்குத் திரைக்கதை எழுதுவதில் பங்கு கொண்டார். ஒவ்வொரு நாளும் குறித்த நேரத்திற்குள் எழுதி முடித்தாக வேண்டும் என்னும் நெருக்கடியை நாளிதழும், கண்முன் காட்சியாகக் காணும் பழக்கத்தைத் திரைப்படமும் இவருக்குக் கற்பித்தன. இவ்விரண்டையும் இவருடைய புதினங்களின் பக்கந்தோறும் காணலாம்.

தமிழில் வரலாற்றுப் புதினம் இவரால் தோன்றியதன்று. தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895-ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, ‘பொன்னியின் செல்வன்’ ஆகியவற்றால் கல்கி அத்துறையைப் பெருவழியாக்கினார். கல்கி 1954-ஆம் ஆண்டில் மறைந்தபின் அவ்வழியே நடந்தவர் பலர். அவருள் அகிலன் இராசேந்திரனை ‘வேங்கையின் மைந்தன்’ ஆக்கினார், நா. பார்த்தசாரதி ‘மணிபல்லவம்’, ‘கபாடபுரம்’ ஆகியவற்றைத் தந்தார். ஆனால் அரண்மனையை விட்டுக் கப்பலின் மேல்தளத்திற்கு வாசகரை அழைத்துச் சென்று, அங்கேயே பல நூறு பக்கங்கள் நிறுத்தி வைத்தவர் சாண்டில்யனே.

இங்கே அயல்நாட்டுப் புதினத்துறையில் நிகழ்ந்த ஒன்றை ஒப்பு நோக்குதல் பயன் தரும். அமெரிக்க நாட்டில் சேம்சு பெனிமோர் கூப்பர் என்பவர் 1789-ஆம் ஆண்டில் பிறந்து 1851-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். இளமையில் அந்நாட்டுக் கடற்படையில் பயிற்சி அலுவலராகப் பணியாற்றியவர். ஆங்கிலப் புதினப் பேராசான் வால்டர் ஸ்காட் எழுதிய கடற்கொள்ளைக்காரன் கதையைப் படித்தபோது, அதில் கடலறிவு போதவில்லை என்று கூப்பருக்குத் தோன்றிற்று. கப்பலில் உழன்றவன் எழுதினால் எவ்வாறு இருக்கும் என்று காட்டுவதற்காகவே, அவர் ‘கலமோட்டி’ எனப் பொருள்படும் பெயரில் ஒரு புதினம் எழுதினார். அதன் தலைவனை, அமெரிக்க விடுதலைப் போரில் புகழ்பெற்ற சான் பால் சோன்சு என்னும் உண்மையான கப்பற்றலைவனை மனத்திற்கொண்டு படைத்தார். ஆங்கில மொழியில் கடற்புதினம் என்னும் தனி வகை இதனாலேயே வேரூன்றிற்று என்பர். 1839-ஆம் ஆண்டில் அவரே தம் நாட்டுக் கடற்படையின் வரலாற்றையும் எழுதினார். கதைக்குப் பின்னர் வரலாறு வந்தது.

கூப்பர் கப்பலிலிருந்து எழுதுகோலுக்கு வந்தவர். சாண்டில்யனோ நாளிதழ் அலுவலகத்திலிருந்து கப்பலுக்குச் சென்றவர். அதுவும் நூல்களின் வழியாகச் சென்றவர். இருந்தும் இருவரும் கையாண்ட முறை ஒன்றே. வரலாற்றில் பெயர் நிலைத்த படைத்தலைவன் ஒருவனை எடுத்துக்கொண்டு, வரலாறு வாய்திறவாத இடங்களில் அவனை உலவவிடுவதே அம்முறை. சாண்டில்யன் தேர்ந்த தலைவன் கருணாகரத் தொண்டைமான்.

கருணாகரத் தொண்டைமான் யார்? முதலாம் குலோத்துங்கசோழன் 1070-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 1120-ஆம் ஆண்டு வரை ஆண்டவன். திறை செலுத்தத் தவறிய கலிங்க மன்னன் அனந்தவர்மன் மீது அவன் படையெடுக்கச் செய்தான். அப்படையை நடத்திச் சென்று வென்றவனே கருணாகரன். அவ்வெற்றியைச் செயங்கொண்டார் ‘கலிங்கத்துப்பரணி’ என்னும் சிற்றிலக்கியமாகப் பாடினார். பரணி முழுவதும் தரைப்போர். ஆறுகளைக் கடந்து படை வடக்கே செல்வதும், யானைகள் மோதுவதும், கலிங்கர் சிதறி ஓடுவதும் அதில் உள. கருணாகரன் கடாரம் சென்றான் என்றோ கப்பற்போர் புரிந்தான் என்றோ பரணியில் இல்லை.

சாண்டில்யன் இவ்வெற்றிடத்தையே பற்றிக்கொண்டார். கலிங்கப்போருக்கு முன் அவ்வீரனின் இளமை எவ்வாறு கழிந்திருக்கும் என்னும் வினாவே ‘கடல் புறா’வின் வித்து. வரலாற்றிலிருந்து அதற்கு ஒரு சிறு பற்றுக்கோடும் கிடைத்தது. கடாரத்தை வென்று, தன்னிடம் அடைக்கலம் புகுந்த மன்னனுக்கே அதனை மீட்டளித்ததாக வீரராசேந்திரனின் கல்வெட்டுக் கூறுகின்றது. இது 1068-ஆம் ஆண்டை ஒட்டிய செய்தி. கல்லில் ஓரிரண்டு அடிகளாக நிற்கும் இச்செய்தி புதினத்தில் மூன்று பாகங்களாக விரிகின்றது. கலிங்கத்துப் பாலூர்ப் பெருந்துறையில் கதை தொடங்குகின்றது. சமாதான ஓலையுடன் வரும் கருணாகரன், இளையபல்லவன் என்னும் பெயரோடு அங்கே பகைவரிடையே சிக்குகின்றான். கடாரத்து இளவரசி காஞ்சனாதேவி சோழர் துணை நாடித் தந்தையுடன் வருகின்றாள். பின்னர் அகூதா என்னும் சீனக் கடல்வீரன், அமீர் என்னும் அராபியன் எனப் பல நாட்டவரும் கதையுள் புகுகின்றனர். கீழ்கடலின் தீவொன்றில் இளையபல்லவன் தனக்கென ஒரு போர்க்கலம் கட்டுகின்றான். புறாவின் வடிவு கொண்ட அக்கலத்தின் பெயரே நூலுக்கும் பெயராயிற்று.

இவருள் குலோத்துங்கனும் கருணாகரனும் வாழ்ந்தவர்கள். காஞ்சனாதேவியும் அகூதாவும் அமீரும் ஆசிரியர் படைப்பு. கடாரம் உண்மையான நாடு. மலேசியாவின் கெடா மாநிலமே பழைய கடாரம். ஆனால் அங்கே நிகழ்ந்தனவாகக் கதை கூறும் நிகழ்ச்சிகள் கற்பனையே. இவ்வேறுபாட்டை அறிந்து படிப்பவனுக்கு இன்பம் இரட்டிப்பாகும்; அறியாது படிப்பவன் தேர்வுத்தாளில் அகூதாவைச் சோழர் வரலாற்றில் எழுதி மதிப்பெண்ணை இழப்பான். அவ்வாறு எழுதியோர் உளர்.

பழைய மரபில் தமிழ் பயின்றோர் இத்தகைய புதினங்களை நெடுங்காலம் ஏற்கவில்லை. “நடவாததை நடந்ததுபோல் எழுதுவது இலக்கியமா?” என்பது அவர்தம் வினா. எமக்குக் கற்பித்த புலவர் பெருமக்களும் இவ்வாறே கேட்பர். அவர்பால் உள்ள மதிப்புச் சிறிதும் குறையாமலே இதற்கு விடை கூறலாம். கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் அட்டு, தமக்குள் பரிமாறி உண்டு களிக்கின்றன. காளி கொலுவிருக்கின்றாள். பேயொன்று போர்ச்செய்தியைக் காளிக்கு உரைக்கின்றது. இவையெல்லாம் நடந்தனவா? செயங்கொண்டார் கருணாகரன் வெற்றியைச் சிறப்பிப்பதற்குப் பேய்களை அழைத்தார். எண்ணூறு ஆண்டுகள் கழித்து வேறொருவர் அதே கருணாகரனுக்காக ஒரு கப்பலைக் கட்டினார். பேயின் கூழை ஏற்றுக்கொண்ட மரபு, புறாவின் வடிவான கப்பலை மட்டும் விலக்குவதற்கு என்ன காரணம் உண்டு? உரைநடை என்பதொன்றே காரணமாயின் அது போதிய காரணமன்று.

‘கடல் புறா’ 1960-களில் குமுதம் வார இதழில் தொடராக வெளிவந்தது. ஓவியர் லதா வரைந்த படங்கள் உடன் வந்தன. வாரந்தோறும் அத்தியாயத்தின் இறுதியில் கதைத்தலைவன் வாள்முனையிலோ, பொறியிலோ, விளங்காத ஓர் உருவத்தின் முன்னோ நிற்பான். அடுத்த இதழ் வரும்வரை அவன் அங்கேயே நிற்க வேண்டியதுதான். வாசகரும் உடன் நிற்க வேண்டியதுதான்! மாத ஊதியம் பெற்று வார இதழுக்குப் புதினம் எழுதிய மிகச் சில தமிழ் எழுத்தாளருள் சாண்டில்யனும் ஒருவர் என்பது அவர்க்கிருந்த வாசகர் திரளைக் காட்டும்.

அக்காலத்து வாசிப்பு எவ்வாறிருந்தது என்பதை இன்றைய மாணவர் அறிதல் நன்று. சென்னைக்கு மேற்கே, பரங்கிமலையிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் சாலையில் ஐயப்பன்தாங்கல் என்னும் ஊர் உள்ளது. தாங்கல் என்பது சிற்றேரி. ஏரிநீரை நம்பி உழுதுண்ட தொண்டைநாட்டில் தாங்கல் என முடியும் ஊர்ப்பெயர்கள் பல. இன்று அடுக்குமாடி வீடுகளும் பேருந்து நிலையமுமாய் நெருங்கிவிட்ட அவ்வூர், அந்நாளில் வயல் சூழ்ந்த சிற்றூர். அத்தகைய ஊர்களுக்கு வார இதழ் ஒன்று வந்தால் அதனைப் பத்து வீட்டார் படிப்பர். எழுத்தறியாதார்க்கு மற்றொருவர் படித்துக்காட்டுவர். கடைசியாகப் படித்து முடித்த வீட்டார் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்து வைப்பர்; கதை முடிந்ததும் நூலால் தைத்து, தடித்த அட்டையிட்டுக் கட்டடம் செய்வர். நாள்தோறும் கடலைக் காணாத உழவர் வீட்டுப் பிள்ளைகள் பாய்மரம், நங்கூரம், சுக்கான், எதிர்க்காற்று என்னும் சொற்களை ஏரிக்கரையில் விளையாடும்போது வழங்கினர். வாழைமட்டைக் கப்பல்களுக்குக் ‘கடல் புறா’ என்று பெயரிட்டனர்.

இதனினும் பெரிய செய்தி கடலுக்கப்பால் நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இலட்சக்கணக்கான தமிழர் மலாயாவிற்குக் கூலிகளாகச் சென்றனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டினர். ‘ரஜுலா’ என்னும் கப்பலை அறியாத பழைய மலேசியத் தமிழ்க் குடும்பம் அரிது. அவர் உழைத்த தோட்டங்கள் பல கெடா மாநிலத்தில், அதாவது பழைய கடாரத்து மண்ணிலேயே இருந்தன. ஆனால் அவருக்கு அம்மண் ‘கடாரம்’ என்பது தெரியாது. கங்காணியின் பேரேட்டில் எண்ணாகவே அவர் அங்கு வாழ்ந்தனர். அவர்தம் பிள்ளைகள், தமிழ்நாட்டிலிருந்து வந்த வார இதழ்களிலும் நூல்களிலும், தாம் நிற்கும் மண்ணே கதை நிகழும் மண் எனக் கண்டனர். அம்மண்ணில் தமிழன் முதன்முதல் காலடி வைத்தது கூலியாக அன்று என்னும் செய்தி ஒரு தோட்டத்துச் சிறுவனுக்கு எவ்வளவு பெரிது என்பதை நாம் இங்கிருந்து முழுமையாக உணர்தல் அரிது.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இராசேந்திரனின் படையெடுப்புப் பிறர் நாட்டின்மேல் சென்ற படையெடுப்பு. சீவிசயத்தின் நகர்வாயிலில் நின்ற வித்தியாதர தோரணத்தையும் பெருஞ்செல்வத்தையும் கவர்ந்ததை மெய்க்கீர்த்தியே பெருமையோடு கூறுகின்றது. கொள்ளை கொடுத்தவர் பக்கத்துக் கதையை நாம் கேட்கவில்லை. அன்றியும், சோழர்க்கும் கடாரத்திற்கும் இடையே போர் மட்டுமே இருந்ததில்லை. கடாரத்தரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த புத்த விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். குலோத்துங்கன் காலத்திலும் கடாரத்துத் தூதர் வந்து அவ்விகாரத்திற்கு உரிமைகள் பெற்றனர் என்பது 1090-ஆம் ஆண்டுச் செப்பேட்டால் விளங்கும். 1077-ஆம் ஆண்டில் சோழநாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனம் சென்றதைச் சீனர் குறித்து வைத்துள்ளனர். கப்பல்களில் வாளினும் மிகுதியாகச் சென்றவை துணியும் மிளகுமே. புதினத்தில் வாணிகருக்கு இத்துணை இடமில்லை. மிளகு மூட்டைகளை வைத்து அத்தியாயத்தின் இறுதியில் திகைப்பு உண்டாக்குதல் எளிதன்று போலும்!

சாண்டில்யனின் கடல்கள் பல. ‘யவன ராணி’ கரிகாலன் காலத்துப் பூம்புகாரில் தொடங்குகின்றது. ‘ஜலதீபம்’ மேற்குக் கடற்கரையில் மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயின் காலத்தைக் காட்டுகின்றது. ‘மலைவாசல்’ ஹூணர் படையெடுப்பையும், ‘ராஜமுத்திரை’ பாண்டியரின் முத்துவளத்தையும், ‘ராஜ பேரிகை’ இராபர்ட் கிளைவின் காலத்தையும் பொருளாகக் கொண்டவை. தமிழ் வாசகரைத் தமிழ்நாட்டிற்கு வெளியேயும் வரலாறு உண்டு என்று எண்ணவைத்தது இவருடைய தனிச்சிறப்பு.

குறைகளும் உள. வடசொற்கள் மிகுந்த நெடிய வாக்கியங்கள் சில இடங்களில் படிப்பவரை மூச்சுத் திணற வைக்கும். பெண்களின் அழகை வருணிக்கப் புகுந்தால் கப்பல் நின்றுவிடும், போர் நின்றுவிடும், பகைவரும் காத்திருப்பர். ஒரு புதினத்து வருணனையை மற்றொன்றில் பெயர்த்து வைத்தாலும் வேறுபாடு தெரியாது. கதைத்தலைவன் தன் சூழ்ச்சியை எவர்க்கும் கூறாமல் மறைப்பதும், பின்னர் அனைவரும் வியப்பதும் நூலுக்கு நூல் வருகின்றன. வாரம் ஓர் அத்தியாயம் என ஆண்டுக்கணக்கில் எழுதுபவருக்கு இவை நேரும். வாரக்கணக்கில் படித்தவருக்குத் தோன்றாத குறை, ஒருசேரப் படிக்கும் இன்றையவருக்குத் தோன்றும்.

குமுதத்தை விட்டு நீங்கியபின் ‘கமலம்’ என்னும் வார இதழைத் தாமே நடத்திப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. தம் திரையுலக நினைவுகளைச் ‘சினிமா வளர்ந்த கதை’ என 1985-ஆம் ஆண்டில் நூலாக்கினார். 1987-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் மறைந்தார். வானதி பதிப்பகம் வெளியிட்ட அவருடைய புதினங்கள் இன்றும் புத்தகக் காட்சிகளில் விற்பனையாகின்றன.

கருணாகரனைப் பற்றி ஒன்று கூறி முடிக்கலாம். ஐயப்பன்தாங்கலிலிருந்து பூவிருந்தவல்லி வழியே மேற்கே சென்றால் காஞ்சிபுரத்தை அடையலாம். காலையில் புறப்பட்டால் மாலையில் திரும்பிவிடலாம். அங்கே அருளாளப்பெருமாள் திருக்கோவிலில் ஒரு கல்வெட்டு உண்டு. பரணி பாடிய வீரன் சோழநாட்டுத் திருநறையூர் நாட்டு வண்டாழஞ்சேரியினன் என்பதை அதனால் அறிகின்றோம். தொண்டைமான் என்பது அவன் பெற்ற பட்டம். அவனுடைய தேவியின் பெயரும் அக்கல்வெட்டில் உள்ளது: அழகிய மணவாளினி மண்டையாழ்வார். காஞ்சனாதேவியை அறிந்த பல்லாயிரம் வாசகர் இவ்வம்மையாரை அறியார். பரணியிலும் அவர் இல்லை, புதினத்திலும் இல்லை. கோவிலில் இடையறாது எரிய வேண்டும் என்று நந்தா விளக்கு ஒன்று வைத்தார் என்பதே கல் அவரைப் பற்றிக் கூறும் செய்தி.